பத்துச் சுற்றுக்கு இருபத்துமூன்று

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் இருவரும் நலம். வண்டிதான் நலமில்லை. அங்கே நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணனுக்கு ரத்த அழுத்த மாத்திரை இன்னும் ஒன்றுதானா, இரண்டாகிவிட்டதா?

கடிதம் வீட்டுக்கு வராமல் நீங்கள் வேலை செய்யும் அச்சகத்து விலாசத்துக்கு ஏன் வந்தது என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு யோசிப்பீர்கள். வீட்டுக்குப் போட்டால் அண்ணன் பிரிப்பார். போன் செய்தால் அண்ணன் எடுப்பார். எடுத்து, "ம்... அண்ணிகிட்ட குடுக்கறேன்" என்பார். எட்டு வருடமாக எனக்கும் அவருக்கும் நடக்கும் பேச்சு அந்த ஒரு வரிதான். பட்டாசு என்று எனக்குப் பெயர் வைத்தவரிடம் நான் இப்படி நமுத்துப்போய்க் கிடக்கிறேன்.

விஷயம் எங்கள் ஜீப். முக்கிய கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி இருக்கிறதே, இன்ஜின் சக்தியை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்பர் பெட்டி. அதை எட்டு வருடத்துக்கு முன் அண்ணன்தான் தன் பட்டறையில் பிரித்துக் கோத்துக் கொடுத்தார். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் அதில் 'லோ' போட வேண்டும். போட்டால் நிற்காது, லீவர் துள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும். அண்ணன் வந்து பாரமில்லாமல் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். வண்டி நிறுத்தத்தில் டிரைவர்கள் எல்லாரும் இருக்கும்போது, "பொட்டியில ஒண்ணுமில்ல. ஓட்டுறவன் கையிலதான் கோளாறு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவர் உங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து, இவர் தபாலும் எரிவாயு உருளையும் ஏற்றிப் போகிற மலைமேல் மேட்டுக் குடியிருப்புக்குப் போகும்போதெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த லீவரை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு போகிறேன். மற்றப் பெண்கள் கணவனோடு வெளியே போனால் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பார்கள். நான் லீவரைப் பார்ப்பேன்.

போன வாரம் இறங்கும்போது, மேலே மருந்து கொடுக்க எங்கள் வண்டியில் வந்துபோகும் நர்சம்மா பின்னால் இருந்தார். என் கை வேர்த்து வழுக்கிவிட்டது. லீவர் துள்ளியது, வண்டி பிடிப்பில்லாமல் ஓட ஆரம்பித்தது. இவர் சட்டென்று ஓரத்து மண்மேட்டில் சக்கரத்தை ஏற்றி நிறுத்தினார். யாருக்கும் அடியில்லை. நர்சம்மா மட்டும் மருந்துப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் இறங்கவே இல்லை.

மழைக்கு முன் சரிசெய்தாக வேண்டும். இவரிடம் பழைய கையேடு ஒன்று இருக்கிறது, பாதிப் பக்கம் கிழிந்தது. இந்த மாதிரி வண்டிக்கு லோ கியரில் இரண்டு வகைப் பல்சக்கரம் உண்டாம். வெளியே வரும் தண்டு பத்துச் சுற்றுச் சுற்றினால் இன்ஜின் ஒரு வகையில் இருபதே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும், இன்னொன்றில் இருபத்துநாலரைக்குக் கொஞ்சம் குறைவாக. நாங்கள் சோதித்தோம். முன்னும் பின்னும் தண்டுகளைக் கழற்றிவிட்டு, நான் அடியில் படுத்துச் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துப் பத்து எண்ணினேன். இவர் முன்னால் இன்ஜினைக் கையால் சுற்றுகிற ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். இருபத்துமூன்று. மூன்று தடவை பார்த்தோம். மூன்று தடவையும் இருபத்துமூன்று.

உங்கள் ஊரில் பழைய பாகங்கள் விற்கும் சந்து இருக்கிறதே, அங்கே கேட்டுச் சொல்வீர்களா? அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்.

அன்பு மாறாத
பட்டாசு


பிப்ரவரி 17

என் பட்டாசுக்கு,

இங்கே இரண்டு பேரும் சௌக்கியம். மாத்திரை ஒன்றுதான். உப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து உன் அண்ணன் என் சமையலைத் தவிர உலகத்தில் மற்ற எல்லாவற்றையும் பாராட்டுகிறார். நீ அந்த மண்மேட்டில் உயிரோடு உட்கார்ந்திருந்தாய் என்று படித்த பிறகுதான் மூச்சு விட்டேன். உன் வீட்டுக்காரத் தம்பியிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

இருபது வருடமாக மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்த்துச் சோறு தின்கிறவள் நான். உன் இருபத்துமூன்று என்னைத் தூங்கவிடவில்லை. மதிய இடைவேளையில் சந்துக்குப் போனேன். கடைசிக் கடையில் தடிக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், பல்சக்கரங்களைத் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்துக்கொண்டு நடுவில் தானும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார். சொன்னேன்.

"இருபத்துமூணா? அப்படி ஒரு வண்டியே பொறக்கலம்மா" என்றார்.

"மூணு தடவை எண்ணியிருக்காங்க."

"அப்ப உள்ள ஏதோ கலப்புக் கல்யாணம் நடந்திருக்கு. தொறந்து எண்ணச் சொல்லுங்க."

உள்ளே எண்ண வேண்டியது நாலு. இன்ஜின் பக்கத்திலிருந்து வரும் சக்கரம் ஒன்று. நடுவில் ஒரே துண்டாகப் பெரியதும் சிறியதும் சேர்ந்த இரட்டைச் சக்கரம். அதில் இரண்டு எண்ணிக்கை. பிறகு அந்தச் சிறியது கடிக்கிற லோ சக்கரம். முதல் பல்லில் நகப்பூச்சு வைத்துவிட்டு எண்ணு. வரியில் விரலை வைக்காமல் படிக்கிறவர்கள்தான் வரியை விடுவார்கள்.

உன் அண்ணனிடம் மூச்சு விடவில்லை.

அன்புடன்
அண்ணி


மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமாக இருக்கிறோம். உடம்பு முழுக்க ஆயில் வாசனை; குளித்தாலும் போகவில்லை. பூனைகூட என் மடியில் உட்கார யோசிக்கிறது.

நாலு நாள் ஆயிற்று. வீட்டுப் பின்பக்கக் கூடத்தில் வண்டியை ஏற்றி, நாலு பக்கமும் கட்டை கொடுத்து, ஆயிலை வடித்தோம். அடி மூடியைக் கழற்றியதும் இவர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னங்க தெரியுது?" என்றால் டார்ச்சோடு ஏதோ சொல்கிறார். ஒரு எழவும் புரியவில்லை.

சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவிச் சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாள் விரித்து வைத்திருக்கிறேன். இனி கணக்கு. முதல் சக்கரம் 27. இரட்டைச் சக்கரத்தில் பெரியது 36, சிறியது 18. லோ சக்கரம் 32.

ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் உளியால் தட்டிய இரண்டு சின்னப் புள்ளி இருக்கிறது. அண்ணன் தன் கையால் கோத்த எதிலும் அப்படி வைப்பாரே, அதுதான். ஆகவே நடுவில் வேறு யாரும் திறக்கவில்லை.

இவர் தினமும் நர்சம்மாவின் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மேலே நடக்கிறார். தபாலும் தோளில்தான். எரிவாயு உருளை மட்டும் நிற்கிறது. மேலே இருப்பவர்கள் டிராக்டர் ஒன்றைப் பேசிப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். தப்பென்று சொல்ல முடியுமா?

உங்கள்
பட்டாசு


மார்ச் 12

என் பட்டாசுக்கு,

நலம். உன் கடிதம் வந்த அன்று அச்சகத்தில் மின்சாரம் இல்லை; ஜன்னலோரம் நின்று ப்ரூஃப் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.

36ஐ 27ஆல் வகு. 32ஐ 18ஆல் வகு. இரண்டையும் பெருக்கு. பத்துச் சுற்றுக்கு இருபத்துமூன்றே முக்கால் கிட்ட வருகிறது. நீங்கள் எண்ணியதோ சரியாக இருபத்துமூன்று. முக்கால் சுற்று எங்கே போயிற்று? ஒன்று தம்பி கை தப்பு, இல்லை உன் கண் தப்பு. தம்பி மூன்று தடவை சுற்றியிருக்கிறார். நீ எத்தனை தடவை எண்ணினாய்?

தடிக் கண்ணாடிப் பெரியவர் இன்னொரு விஷயம் சொன்னார். சிறிய சக்கரத்தையும் லோ சக்கரத்தையும் கூட்டினால் இரண்டு வகையிலும் ஐம்பத்தொன்றுதான் வர வேண்டுமாம். ஒரு வகையில் 20ம் 31ம். மற்றதில் 18ம் 33ம். பெட்டி ஒன்றே, இரண்டு தண்டுக்கும் நடுவே இடைவெளி ஒன்றே. அதனால் கூட்டுத்தொகை மாறாது. உன் கணக்கில் ஐம்பது வருகிறது. "ஐம்பதுன்னு ஒரு ஜோடியே கெடையாது, மறுபடி எண்ணச் சொல்லுங்க" என்று எனக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார். சந்தில் இப்போது என்னை 'பல் டாக்டரம்மா' என்கிறார்கள்.

அந்த இரண்டு புள்ளி பற்றி எழுதியிருந்தாய். படித்தேன்.

மறுபடி எண்ணு.

அண்ணி


மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலமே. தப்பு என் கண்ணில்தான். நகப்பூச்சு வைத்த பல்லை ஒன்று என்று தொடங்கி, சுற்றி வந்து அதையே முப்பத்திரண்டு என்று முடித்திருக்கிறேன். லோ சக்கரத்தில் முப்பத்தொன்றுதான். மற்றதையும் திரும்ப எண்ணினேன், சரி. கணக்கும் இப்போது இருபத்துமூன்றைத் தொடுகிறது.

பதினெட்டும் முப்பத்தொன்றும் நாற்பத்தொன்பது. இரண்டு குறைகிறது. இவர் இரண்டு சக்கரத்தையும் பெட்டியில் இருக்கும் இடைவெளிப்படி மேசையில் வைத்துக் காட்டினார். பல் முழுசாகக் கடிக்கவே இல்லை, அண்ணி. பாதி நுனி மட்டும் பட்டும் படாமல் தொடுகிறது. பாரம் ஏறினால் தள்ளிக்கொண்டு போகாமல் என்ன செய்யும்? யார் கை பிடித்தாலும் துள்ளத்தான் செய்யும்.

இவர் லோ சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஏதாவது திட்டுவார், கத்துவார் என்று காத்திருந்தேன். "எட்டு வருஷமா என் கை மேலயே எனக்குச் சந்தேகம்" என்றார். அவ்வளவுதான்.  பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கிய அன்று ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள் என்று சாவியை நீட்டியபோது இவர் முதுகு வலி என்று சொல்லி ஒதுங்கினார். அது ஏன் என்று எனக்கு நேற்றுத்தான் புரிந்தது.

நான் உடனே அண்ணனுக்கு எழுதுகிறேன் என்று பேனாவை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். அவரு மனசு கஷ்டப்படும்."

"உங்க மனசு?"

"எனக்குத்தான் இப்ப தெரிஞ்சிருச்சே. அது போதும்."

எனக்குப் போதவில்லை. ஆனால் அவர் சொன்னபடியே விடுகிறேன். 33 பல் உள்ள லோ சக்கரம் கிடைக்குமா பாருங்கள்.

உங்கள்
பட்டாசு


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? ஐந்து வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் ஏதாவது கூடக்குறைய எழுதிவிட்டேனா? சக்கரம் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று எழுதுங்கள், பரவாயில்லை. உடம்புக்கு ஏதாவதா? அதைத்தான் உடனே தெரிவிக்க வேண்டும்.

டிராக்டர் வந்து பார்த்தது. இரண்டாவது வளைவில் திரும்ப இடம் போதாமல் பின்னாலேயே இறங்கிப் போயிற்று. நர்சம்மாவுக்கு அதில் ரகசிய சந்தோஷம். "டிராக்டர்ல உக்காந்து போறதுக்கு நான் என்ன நெல்லு மூட்டையா?" என்றார்.

வானம் இறங்கிக்கொண்டே வருகிறது.

பட்டாசு


மே 2

என் பட்டாசுக்கு,

பயப்படாதே, எல்லாரும் நலம். அச்சகத்தில் பாடப்புத்தக வேலை. தலைக்கு மேல் தாள். உன் அண்ணனுக்கு இடையில் கொஞ்சம் உடம்பு சரியில்லை, நாலைந்து நாள் பட்டறைக்குப் போகவில்லை. இப்போது போகிறார், தேவைக்கு அதிகமாகவே போகிறார். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

சக்கரம் வேட்டையில் இருக்கிறது. கடைக்காரப் பெரியவர் சில விவரம் கேட்கிறார். எழுதி அனுப்பு. லோ சக்கரத்தின் உள்துளையில் இருக்கும் காடிகள் ஆறா, பத்தா? இரட்டைச் சக்கரம் சுழலும் தண்டு உன் கட்டைவிரல் தடிமனா, அதைவிட மெல்லியதா? நூலைச் சுற்றி அளந்து அந்த நூலையே கடிதத்தில் வை. 18 பல்லின் நுனியை நகத்தால் வருடிப் பார். படி தட்டுகிறதா, வழவழப்பாக இருக்கிறதா? பெட்டியின் உட்சுவரில், இடது பக்கம் பேரிங் உட்காரும் குழிக்குக் கீழே, அரம் வழுக்கிய ஒரு கீறல் இருக்கும். அந்த இடத்தில் விரிசல் ஏதாவது ஓடுகிறதா என்று அவசியம் பார்க்கச் சொன்னார்.

தம்பி நடந்து நடந்து காலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

அண்ணி


மே 9

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். காடி பத்து. நூல் உள்ளே இருக்கிறது. முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவே உள்ளதுதான் அளவு. பல் நுனியில் படி தட்டுகிறது, நகம் மாட்டுகிறது.

இடது பக்கம் பேரிங் குழிக்குக் கீழே கீறல் இருக்கிறது. விரிசல் இல்லை.

உங்கள் கடைக்காரப் பெரியவர் பெரிய ஞானிதான், அண்ணி. எங்கள் பெட்டியை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை, ஆனால் உள்ளே அரம் வழுக்கிய இடம் வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறார். அந்தப் பெரியவரிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் பட்டறைக்கு... கடைக்குப் போக வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை இவரும் படித்தார். கீறல் பற்றிய வரியை விரலால் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.   சாயங்காலம் கூடத்தைக் கூட்டிக் கழுவி, பெட்டியைத் துணி போட்டு மூடி வைத்தார், விருந்தாளி வரப் போகிற வீடு மாதிரி.

பட்டாசு


மே 23

என் பட்டாசுக்கு,

அகப்பட்டுக்கொண்டேன். இருபது வருடம் பிழை திருத்தியவள் தன் கடிதத்தில் விட்ட பிழையைப் பார்.

மார்ச் மாதக் கடைசியில் உன் அண்ணன் பேனா தேடி என் கைப்பையைத் திறந்தார். உன் கடிதம் மேலேயே இருந்தது. நின்றபடி முழுக்கப் படித்தார். கடைசிப் பகுதிக்கு வந்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து மறுபடி படித்தார்.

"மாப்பிள்ளையா இப்படிச் சொன்னாரு? என் மனசு கஷ்டப்படும்னு?"

"எழுதியிருக்கறதுதானே" என்றேன்.

எழுந்து பட்டறைக்குப் போனார். சாப்பாட்டுக்கு வரவில்லை. நான் போய்ப் பார்த்தால் பழைய வேலை நோட்டுகளைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எட்டு வருடத்துக்கு முன் ஒரே வாரத்தில் இரண்டு பெட்டிகள் வந்திருக்கின்றன. ஒன்று உங்களுடையது. இன்னொன்று ஒரு கல் குவாரி வண்டி. இரண்டையும் ஒரே தட்டில் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். உங்கள் லோ சக்கரம் அங்கே போயிற்று, அங்கிருந்தது உங்களுக்கு வந்தது. குவாரிப் பெட்டி 20ம் 31ம் வகை என்பதால் அது உள்ளே போகவே மறுத்திருக்கிறது. இவர் 'சாமானே தப்பு' என்று தூக்கிப் போட்டுவிட்டு, சந்தில் வேறு வாங்கிப் பூட்டினார். அது ஏன் போகவில்லை என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

தூக்கிப் போட்ட உங்கள் சக்கரம் எங்கே இருந்தது தெரியுமா? பட்டறைப் பின்கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தார்கள். எட்டு வருடமாக நானே அதில் கால் இடித்து எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! எடுத்துத் துடைத்து எண்ணினார். முப்பத்துமூன்று. "நீயும் ஒரு தடவை எண்ணு" என்று என்னிடம் கொடுத்தார். பட்டறை வைத்த நாள் முதலாக அவர் எண்ணியதை இன்னொருவரிடம் சரிபார்க்கக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

உடனே எழுதுகிறேன் என்றேன். "சாமான் முழுசாக் கைக்கு வராம வாயைத் தொறக்கக் கூடாது. ஏற்கெனவே ஒரு தடவை அவசரப்பட்டுப் பேசினதுதான் இவ்வளவும்" என்றார். பல் தேய்ந்திருக்கும், அந்த இரட்டைச் சக்கரமும் வேண்டும் என்று ஊர் ஊராகத் தேடினார். உன் நூல் வந்ததும் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்து, நேற்று வாங்கி வந்தார். பஸ் பார்சலில் அனுப்பியிருக்கிறோம். உள்ளே தம்பிக்கு ஒரு தாள் இருக்கும். அதில் நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை.

அண்ணி


மே 23

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம், நலமாக இருக்க வேண்டும். பார்சலில் 33 பல் லோ சக்கரம் ஒன்று, இரட்டைச் சக்கரம் ஒன்று, ஊசி பேரிங் இரண்டு செட், கேஸ்கட் ஒன்று, மெல்லிய தகடுகள் பத்து உள்ளன. இரட்டைச் சக்கரத்தின் பக்கவாட்டு ஆட்டம் ஒரு தபால் அட்டையின் தடிமனுக்கு மேல் இருந்தால் தகடு சேர்க்கவும். மூடியைப் பூட்டும் முன் ஹேண்டிலைப் போட்டுப் பத்துச் சுற்று பார்க்கவும். இருபத்துநாலரைக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும். வராவிட்டால் பூட்ட வேண்டாம்.

வண்டி நிறுத்தத்தில் உங்கள் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். கோளாறு என் கையில் இருந்தது. நாலு பேர் முன்னால் சொன்னதைத் தாளில் எழுதி ரகசியமாகத் திருப்பிவிட முடியாது. ஜூன் மாதம் நடுவில் வருகிறேன். வரலாமா என்று எழுதவும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்


ஜூன் 1

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உங்கள் தங்கை பக்கத்தில் நின்று எட்டி எட்டிப் பார்க்கிறாள்.

பார்சல் பத்திரமாக வந்தது. தகடு இரண்டு சேர்த்தேன். இருபத்துநாலு முழுசு, அதற்கு மேல் அரைக்குச் சற்றுக் குறைவு. நாலு தடவை பார்த்தோம். வெள்ளிக்கிழமை ஏற்றிவிட்டு இறக்கினேன். லீவர் அசையவில்லை. இவள் பக்கத்தில் உட்கார்ந்து கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைப்பை, ஜன்னல், தன் முழங்கால், என் தோள் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள்.

என் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. அன்றைக்கே 'திறந்து பாருங்கள்' என்று நான் கேட்டிருக்கலாம். ரோஷத்தில் கேட்கவில்லை. எட்டு வருடம் இவள் உயிரையும் பணயம் வைத்து ஓட்டியிருக்கிறேன். அது நான் செய்த தப்பு.

நாலு பேர் முன்னால் எதுவும் வேண்டாம். நீங்கள் வந்தால் போதும். அவசியம் வாருங்கள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


ஜூன் 19

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாரும் நலம். 'எல்லாரும்' என்று எழுதும்போதே சுகமாக இருக்கிறது. இந்த வீட்டில் இப்போது மூன்று பேர்.

அண்ணன் வந்த கதையை உங்களுக்கு எழுதாமல் எனக்குச் சோறு இறங்காது. இவர் பஸ் நிலையத்துக்கு வண்டியோடு போய்க் காத்திருந்தார். பஸ் வந்தது, அண்ணன் இல்லை. முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி, கருவிப் பையோடு நேராக வண்டி நிறுத்தத்துக்கு நடந்து போயிருக்கிறார். எனக்கு ஆள் வந்து சொல்ல, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். இவரும் வந்து சேர்ந்தார்.

அன்றைக்கு இருந்தவர்களில் மூன்று பேர் இப்போதும் அங்கேதான். அவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்த பெஞ்சுக்கு முன்னால் அண்ணன் நின்று, பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி இங்க நின்னு எங்க மாப்பிள்ளை ஓட்டுறதுல கோளாறுன்னு சொன்னேன். அது பொய். பல்சக்கரத்த மாத்திப் பூட்டுனது நான். அந்த வண்டியையும் இத்தனை வருஷம் ஒருத்தருக்கும் அடிபடாம ஓட்டியிருக்காருன்னா அவர் கை எப்பேர்ப்பட்ட கைன்னு நீங்களே பாத்துக்கங்க."

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போது பார்த்து, மூத்த டிரைவர், பாவம், காது மந்தம், கையைக் காதில் வைத்துக்கொண்டு, "என்ன சொல்றாரு? வண்டிய விக்கறாரா?" என்றார்.

அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மறுபடி முதலிலிருந்து, அந்த வழியாகப் போன பஸ்ஸில் இருந்தவர்களும் எட்டிப் பார்க்கும்படி கத்திச் சொன்னார். பெரியவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அதான் எங்களுக்கு அப்பவே தெரியுமே. லீவரை ரெண்டு கையால அமுக்கிக்கிட்டு ஒரு பொம்பளை போறப்ப, ஓட்டுறவன் மேலயா சந்தேகம் வரும்?" என்றார். அண்ணன் முதலில் சிரித்தார். பிறகு இவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை, அண்ணி. இவர்தான், "டீ ஆறிடும் மச்சான்" என்றார்.

மறுநாள் மூவரும் மேட்டுக் குடியிருப்புக்குப் போனோம். இவர் சாவியை நீட்டினார், அண்ணன் வாங்கவில்லை. முன்னால் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். நான் முதல் தடவையாகப் பின்னால், நர்சம்மாவோடு. அந்த மலையில் இவ்வளவு மஞ்சள் பூ இருக்கிறது என்று எனக்கு யாருமே சொல்லவில்லை!

அண்ணன் அடுத்தவர் ஓட்டும்போது எப்படி உட்காருவார் என்று உங்களுக்குத் தெரியும். இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பார், வளைவுக்கு வளைவு 'பாத்து, பாத்து' என்பார். ஏறும்போது அப்படியேதான் வந்தார். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, மூன்றாவது வளைவு தாண்டியும் முன்னாலிருந்து சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்து, வாயைத் திறந்து, நல்ல தூக்கம். அந்தச் செங்குத்து இறக்கத்தில்!

நர்சம்மா எழுப்பப் போனார். இவர் கண்ணாடியில் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தார். ஒரு கையால் தன் துண்டை மடித்து, கம்பிக்கும் அண்ணன் தலைக்கும் நடுவே செருகினார். அதற்கப்புறம் கீழே வந்து சேரும்வரை ஒரு பள்ளத்தில்கூட வண்டியை இறக்கவில்லை.

மூன்று நாள் என்று வந்தவர் இன்னும் ஒரு வாரம் இருக்கிறேன் என்கிறார். மாத்திரையை நான் கையில் கொடுத்து விழுங்கும்வரை நின்று பார்க்கிறேன். நீங்கள் தனியாகச் சமைத்துச் சாப்பிடாமல் விடுமுறை சொல்லிவிட்டுச் சனிக்கிழமை பஸ் ஏறிவிடுங்கள். இவரும் அண்ணனும் சேர்ந்து கூட்டிப் போக வருவார்கள்.

உங்கள்
பட்டாசு